தடித்துச் சாய்ந்த எழுத்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எழுத்துரு வடிவமைப்புக்கென ஒதுக்கப்பட்ட இந்தப் பக்கத்துக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. நுனிகளில் செரிஃப் எனப்படும் குறுங்கோடுகள் இல்லாத எழுத்தைத் தடிப்பாக்கி, அதையே வலப்புறம் சாய்த்தும் வைத்தால் கிடைக்கும் உரத்த வடிவம்தான் அது. கணினியில் இரண்டு பொத்தான்களை அழுத்தினால் கிடைத்துவிடும் ஒன்றாக இதைப் பலரும் எண்ணுகிறார்கள். இது தனியே வரையப்பட வேண்டிய, தனக்கென்று வேலையும் எல்லையும் உள்ள ஓர் எழுத்துரு என்பதே என் உறுதியான கருத்து. அந்தக் கருத்தை மனத்தில் வைத்தே கீழ்க்காணும் பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சிவப்புப் பட்டையில் வெள்ளையாகத் தடித்துச் சாய்ந்த ஆங்கில எழுத்துகளை ஓவியக் கண்காட்சிகளிலும் சட்டைகளிலும் பார்க்கிறேன். அது ஃபியூச்சுரா என்ற எழுத்துருவின் தடித்துச் சாய்ந்த வடிவமான ஃபியூச்சுரா போல்டு ஆப்ளீக் என்று ஆசிரியர் சொன்னார். அந்த எழுத்துக்கு மட்டும் கட்டளையிடுவது போன்ற தோற்றம் எப்படி வருகிறது?
(காட்சித் தொடர்பியல் மாணவி, சென்னை)

பதில்: முதலில் அதன் நிமிர்ந்த வடிவத்தைப் பாருங்கள். ஜெர்மானியரான பவுல் ரென்னர் வரைந்த ஃபியூச்சுராவை ஃபிராங்க்ஃபர்ட் நகரின் பௌவர் வார்ப்பகம் 1927இல் வெளியிட்டது. கவராயமும் அளவுகோலும் கொண்டு வரைந்ததைப் போன்ற வடிவம் அது. ஆங்கிலச் சிறிய 'ஓ' (o) ஏறத்தாழ முழு வட்டம். சிறிய 'ஏ' (a) அந்த வட்டத்தின் வலப்புறம் ஒரு நெடுங்கோட்டைச் சேர்த்ததுதான். 'ஜே'யின் (j) அடியில் கொக்கி கிடையாது. 'யூ'வின் (u) வலப்புறத்தில் வழக்கமாக இருக்கும் சிறு காலும் கிடையாது. கையெழுத்தின் சாயலை முடிந்தவரை உதறிவிட்டு, கருத்தை மட்டும் நிறுத்துவது போன்ற அமைதி அதில் உண்டு.

ஆனால் அந்த வடிவியல் தூய்மை பாதி உண்மைதான். வட்டம் நெடுங்கோட்டைத் தொடும் இடத்தில் கோடு மெலிந்திருப்பதை உருப்பெருக்கிப் பார்த்தால் காணலாம். அப்படி மெலிக்காவிட்டால் அந்தச் சந்தியில் கருமை திரண்டுவிடும். எழுத்து தடிக்கத் தடிக்க இந்தத் திருத்தங்களின் தேவையும் கூடுகிறது. மெல்லிய ஃபியூச்சுராவில் தலைப்பெழுத்து, அதாவது கேபிட்டல், 'ஏ'வின் (A) உச்சி ஊசியாக முடிகிறது. போல்டு வடிவத்தில் அதே உச்சி தட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டு தடித்த கோடுகள் ஊசிமுனையில் சந்திக்க வேண்டுமென்றால் எழுத்து அளவுக்கு மீறி மேலே நீள வேண்டியிருக்கும் என்பதே காரணம்.

இப்படிப்பட்ட அமைதியான, கனத்த வடிவத்தைச் சாய்க்கும்போதுதான் நீங்கள் குறிப்பிடும் கட்டளைத் தொனி பிறக்கிறது. கனம் எழுத்தை இருந்த இடத்தில் நிறுத்தப் பார்க்கிறது. சாய்வு அதை முன்னே தள்ளுகிறது. இந்த இரண்டு விசைகளும் ஒரே எழுத்தில் இழுபறியாக நிற்பதால், வாசிப்பவருக்கு யாரோ தம்மை நோக்கிக் குனிந்து, குரலை உயர்த்திப் பேசுவதாகத் தோன்றுகிறது.

அந்தத் தோற்றத்தைக் கலையாக்கியவர் அமெரிக்கரான பார்பரா க்ரூகர். ஓவியக் கூடங்களுக்கு வருமுன் காண்டே நாஸ்ட் நிறுவனத்தின் இதழ்களில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர் அவர். புகைப்படத்தின் மேல் ஒரு வரியை எங்கே வைத்தால் கண் அங்கே நிற்கும் என்பதை விளம்பர உலகத்திலிருந்தே கற்றுக்கொண்டு, பின்னர் அதையே அந்த உலகத்தை விசாரிக்கப் பயன்படுத்தினார். கருப்பு வெள்ளைப் படம், சிவப்புப் பட்டை, அதில் வெள்ளை நிறத்தில் 'நான்', 'நீ' என்று நேருக்கு நேர் பேசும் குறுவாசகம் என்பதே அவருடைய முறை. கருக்கலைப்பு உரிமைக்காக 1989இல் வாஷிங்டனில் நடந்த பெண்கள் பேரணிக்காக அவர் ஆக்கிய சுவரொட்டி இன்றும் பாடமாக வைக்கத்தக்கது. பெரும்பாலும் நான்கைந்து சொற்களைத் தாண்டாத வாசகங்கள் அவை. அந்த எழுத்து அதற்கு மேல் தாங்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1994இல் நியூயார்க்கில் தொடங்கிய சுப்ரீம் என்ற ஆடை நிறுவனத்தின் சிவப்புப் பெட்டிச் சின்னம் இவருடைய பாணியிலிருந்தே எடுக்கப்பட்டது. நீங்கள் சட்டைகளில் பார்ப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சிவப்பில் வெள்ளை என்பதில் ஓர் அச்சுக் காரணமும் உண்டு. வண்ணப் பரப்பின் நடுவே எழுத்தைக் காகித வெள்ளையாகவே விட்டு அச்சிடும்போது, நாற்புறமும் உள்ள மை சற்றே கசிந்து எழுத்தின் ஓரங்களைத் தின்னும். மெல்லிய எழுத்து அதில் காணாமல் போகும். தடித்த எழுத்து பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: சில எழுத்துருக்களில் இட்டாலிக் என்றும் சிலவற்றில் ஆப்ளீக் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?
(வாசகர், ஈப்போ)

பதில்: நடைமுறையில் இரண்டு பெயர்களும் கலந்து வழங்குகின்றன, பெயரை மட்டும் நம்பி முடிவு செய்ய இயலாது. அடிப்படையில், நிமிர்ந்த எழுத்தையே சாய்த்து வரைந்தால் ஆப்ளீக். விரைந்து எழுதும் கையெழுத்தின் வடிவங்களைக் கொண்டு புதிதாக வரைந்தால் இட்டாலிக். பின்னதில் சிறிய 'ஏ' மேலே கவியும் வளைவான மேல்மாடத்தை இழந்து ஒற்றைக் கிண்ணமாகும், 'எஃப்' (f) பல எழுத்துருக்களில் எழுத்துகள் நிற்கும் கோட்டுக்குக் கீழே வால் நீட்டும், கோடுகளின் தொடக்கத்திலும் முடிவிலும் பேனா திரும்பிய தடம் தெரியும்.

இதன் வரலாறு சுவையானது. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளருக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்தில் 1501இல் வர்ஜிலின் கவிதைகள் சிறிய கையடக்கப் பதிப்பாக வெளிவந்தன. அன்று சாய்வெழுத்து ஒரு சொல்லை அழுத்திக் காட்டுவதற்காக ஏற்பட்டதன்று. முழு நூலுமே அதில்தான் அச்சானது. அதன் தலைப்பெழுத்துகள் நிமிர்ந்தே நின்றன. நிமிர்ந்த எழுத்துக்குத் துணையாக அதே வரியில் சாய்வெழுத்தை வைக்கும் வழக்கம் பின்னர் வந்தது. செரிஃப் இல்லாத அச்செழுத்து 1816 அளவில் லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லனின் மாதிரிப் பட்டியலில், தலைப்பெழுத்துகளில் மட்டும் தோன்றியது. உடன் வரும் வரியில் ஒரு சொல்லை எடுத்துக் காட்டுவதற்கான தடித்த எழுத்து என்ற எண்ணத்துக்கு, 1845இல் அதே நகரில் வெளியான கிளாரெண்டன் வடிவமே பெரிய ஊக்கம் தந்தது. அகராதிகளின் தலைச்சொற்களுக்கு அது மிகவும் பயன்பட்டது. ஆக, சாய்வு ஒரு நூற்றாண்டில், செரிஃப் துறப்பு இன்னொரு நூற்றாண்டில், துணைத் தடிமன் அதற்கும் பின்னால் என்று மூன்று வேறு தேவைகளிலிருந்து வந்தவை இவை. இவை ஒன்றாகச் சேர்ந்த வடிவத்துக்கு முன்மாதிரியாக எந்தக் கையெழுத்து மரபும் இல்லை. தடித்துச் சாய்ந்த சான்ஸ் செரிஃப், அதாவது செரிஃப் இல்லாத எழுத்து, எப்படி இருக்க வேண்டும் என்பதில் வடிவமைப்பாளர்கள் இன்றுவரை வேறுபடுவதற்கு இதுவே மூலம்.

1926இல் ஸ்டான்லி மாரிசன் என்ற ஆங்கிலேய அச்செழுத்து அறிஞர், நிமிர்ந்த எழுத்துக்குத் துணையாக வருவது அதன் சாய்ந்த வடிவமாக இருப்பதே முறை என்று வாதிட்டார். ஃபியூச்சுரா, ஹெல்வெட்டிகா, யூனிவெர்ஸ் ஆகியவை அந்த வழியில் நிற்கின்றன. 1928இல் மானோடைப் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய கில் சான்ஸ் மறுவழி. எரிக் கில் கல்லெழுத்துக் கலைஞர் ஆதலால், அதன் சாய்வடிவத்தில் 'ஏ' ஒற்றைக் கிண்ணமாகி, கையின் நினைவு சற்றே எட்டிப் பார்க்கிறது. டச்சு வடிவமைப்பாளர் மார்ட்டின் மயோர் 1993இல் வெளியிட்ட ஸ்கலா சான்ஸில் கையெழுத்து வழியான இந்த மறுவழி முழுமையாக நிறைவேறியது. சுவிஸ் வடிவமைப்பாளர் ஆட்ரியன் ஃப்ரூட்டிகரின் பெயரால் 1976இல் வந்த எழுத்துரு சாய்த்த வடிவத்தோடு வந்து, பிற்காலத் திருத்தப் பதிப்பில் உண்மையான இட்டாலிக்கைப் பெற்றது.

எது மேல் என்று கேட்டால், நூலின் உடல்வரிகளுக்கிடையே ஒரு சொல் வேறுபட்டுத் தெரிய வேண்டுமானால் உண்மையான இட்டாலிக்கையே தேர்வு செய்வேன். பெரிய அளவில் தடித்து நிற்கும் தலைப்புக்கு ஆப்ளீக் போதும், சொல்லப்போனால் அதுவே பொருந்தும். பேனாவின் நெளிவுகள் தடிமன் ஏறியதும் உப்பிப் போய், எழுத்தின் கண்டிப்பைக் கரைத்துவிடுகின்றன.

கேள்வி: நாங்கள் அச்சகம் நடத்துகிறோம். வாடிக்கையாளர் சாதாரண எழுத்துருவை மட்டும் கொடுத்துவிட்டு, தடித்த சாய்வில் தலைப்புக் கேட்கிறார். மென்பொருளில் தடிப்புக்கான 'பி'யையும் (B) சாய்வுக்கான 'ஐ'யையும் (I) அழுத்திவிடுகிறோம். யாரும் குறை சொன்னதில்லை. இதில் என்ன கெட்டுப்போகிறது?
(அச்சக உரிமையாளர், சிவகாசி)

பதில்: நிறையக் கெட்டுப்போகிறது. வாடிக்கையாளருக்குப் பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும், தாள் 'ஏதோ மலிவாக' இருப்பதாக அவர் கண் சொல்லிவிடும்.

ஓர் எழுத்துருவின் வடிவங்களெல்லாம் சேர்ந்த குடும்பத்தில் தடித்த கோப்பு இல்லாதபோது, மென்பொருள் எழுத்தின் எல்லைக்கோட்டை எல்லாப் பக்கமும் ஒரே அளவு வீங்க வைக்கிறது. வெளிப்புறம் வீங்குவது போலவே உட்புறமும் வீங்குவதால், 'ஈ' (e), 'ஏ' (a), 'எஸ்' (s) போன்ற எழுத்துகளின் உள்வெளிகள் அடைபடுகின்றன. எழுத்துரு வரைபவர் அப்படிச் செய்யமாட்டார். தடிமனை ஏற்றும்போதே எழுத்தைச் சற்று அகலமாக்குவார், கிடைக்கோடுகளை நெடுங்கோடுகளைவிட மெல்லியதாக வைப்பார், சந்திகளை அரித்துவிடுவார்.

அதற்கு மேல் சாய்வு. மென்பொருள் எழுத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு தலையை வலப்புறம் இழுக்கிறது; சீட்டுக்கட்டைத் தள்ளிச் சரித்தது போன்ற செயல் இது. ஒவ்வொரு புள்ளியும் தன் உயரத்துக்கு ஏற்ப நகரும். 12 பாகைச் சாய்வென்றால், 100 அலகு உயரத்தில் உள்ள புள்ளி ஏறத்தாழ 21 அலகு வலப்புறம் போகும். நெடுங்கோடுகளுக்கு இதனால் பெரிய கேடில்லை. அவற்றின் தடிமன் 2 விழுக்காடு குறையும், அவ்வளவுதான். வட்டங்கள்தான் பாழாகின்றன. சீரான தடிமனுள்ள ஒரு வளையத்தை இப்படி இழுத்தால், அதன் மேல் வலப்புறமும் கீழ் இடப்புறமும் ஏறத்தாழ 11 விழுக்காடு தடிக்கும்; மேல் இடப்புறமும் கீழ் வலப்புறமும் ஏறத்தாழ 10 விழுக்காடு மெலியும். ஒரே 'ஓ'வுக்குள் கோட்டின் தடிமன் ஏறக்குறைய கால் பங்கு வேறுபடுகிறது. மெல்லிய எழுத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தப்பும். தடித்த எழுத்தில், அதுவும் விளம்பரப் பதாகை அளவில், வளையம் ஒரு பக்கம் நசுங்கியதாகவே தெரியும். தலைப்பெழுத்து 'ஏ'வில் இடக்கால் மேலும் படுத்து மெலிய, வலக்கால் நிமிர்ந்து தடிப்பது இன்னொரு கேடு. நல்ல ஆப்ளீக்கில் சாய்த்த பிறகு இந்த வளைவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தி வரைந்திருப்பார்கள். வடிவமைப்பாளருக்குக் கொடுக்கும் விலை அந்தத் திருத்தத்துக்குத்தான்.

செய்ய வேண்டியது எளிது. எழுத்துருவைப் பெறும்போதே ரெகுலர், இட்டாலிக், போல்டு, போல்டு இட்டாலிக் என்று நான்கு கோப்புகள் உள்ளனவா என்று பாருங்கள். நான்காவது இல்லையென்றால், அது உள்ள வேறு குடும்பத்தை வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். அச்சுக்குப் போகும் பிடிஎஃப் கோப்பின் எழுத்துருப் பட்டியலிலும் அந்த நான்காவது பெயர் தனியே வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அது போலிச் சாய்வு என்று கொள்ளலாம். இணையப் பக்கம் செய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கோப்பு கிடைக்காதபோது உலாவி தானாகவே போலி வடிவத்தைச் செய்துகொள்ளும். அதைத் தடுக்க, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் நடைத்தாள் மொழியில் (சிஎஸ்எஸ்) தனிக் கட்டளை உண்டு.

கேள்வி: சரியான சாய்வுக் கோணம் எது? யூனிவெர்ஸ் எழுத்துருவின் பெயரோடு 66 என்ற எண் வருகிறதே, அது கோணமா?
(வாசகர், மதுரை)

பதில்: கோணமன்று. ஃப்ரூட்டிகர் 1957இல் யூனிவெர்ஸை 21 வடிவங்கள் கொண்ட குடும்பமாக வெளியிட்டபோது பெயர்களை விடுத்து எண்களைத் தந்தார். முதல் இலக்கம் தடிமனையும் இரண்டாம் இலக்கம் அகலத்தையும் சாய்வையும் குறிக்கும். 55 என்பது சாதாரணம், 56 அதன் சாய்வு, 65 தடிப்பு, 66 தடித்த சாய்வு. குடும்பம் முழுவதையும் ஒரே நேரத்தில் திட்டமிட்டவர் என்பதால், அவருடைய 66 மற்றவற்றுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்ததாகத் தோன்றாது.

கோணத்துக்கு விதி ஏதுமில்லை. 8 முதல் 12 பாகை வரை வழக்கமானது; ஹெல்வெட்டிகா 12. எழுத்துருக் கோப்புக்குள் இது மறை எண்ணாக, -12 என்று பதிவாகியிருக்கும். நிமிர்ந்த கோட்டிலிருந்து இடஞ்சுழியாக அளப்பதால் வலச்சாய்வுக்கு மறைக்குறி வருகிறது. தடித்த எழுத்துக்குச் சாய்வு சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் கண்ணுக்குப் புலப்படும் என்பது என் அனுபவம். 7 பாகைக்குக் குறைந்தால் சாய்வு என்று தோன்றாமல் அச்சுப் பிழை என்று தோன்றுகிறது.

கேள்வி: பிபிசியின் பழைய சின்னத்தில் எழுத்துகள் சாய்ந்திருந்தன, பின்னர் நிமிர்ந்துவிட்டன. சாய்வு பழைய நாகரிகம் ஆகிவிட்டதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: நாகரிகத்தைவிடத் தொழில்நுட்பமே அதற்குக் காரணம். 1988இல் வந்த சின்னத்தில் மூன்று சாய்ந்த பெட்டிகளும் அவற்றுள் தடித்துச் சாய்ந்த எழுத்துகளும் கீழே நீலம், சிவப்பு, பச்சைக் கோடுகளும் இருந்தன. 1997இல் மார்ட்டின் லாம்பி-நேர்ன் அதை நிமிர்ந்த பெட்டிகளாகவும் கில் சான்ஸ் எழுத்தாகவும் மாற்றியமைத்தார். அன்றைய கணினித் திரைகள் பெரிய சதுரப் புள்ளிகளால் ஆனவை. நெடுங்கோடு அந்தச் சதுரங்களோடு ஒத்துப்போகும். சாய்ந்த கோடு படிக்கட்டாக உடையும். பெட்டியும் சாய்ந்து எழுத்தும் சாய்ந்தால் படிக்கட்டுகள் இரட்டிக்கும். மூன்று வண்ணக் கோடுகளை அச்சிடும் செலவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2021இல் அந்த நிறுவனம் தன் சொந்த எழுத்துருவான ரீத்துக்கு மாறியபோதும் எழுத்துகள் நிமிர்ந்தே நின்றன.

இன்றைய கைப்பேசித் திரைகளில் புள்ளிகள் மிகச் சிறியவை ஆதலால் அந்தப் படிக்கட்டுத் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆயினும் விலை குறைந்த எல்இடி அறிவிப்புப் பலகைகளில் அதே பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது. அங்கே சாய்வெழுத்தைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: இந்த எழுத்தை எங்கே பயன்படுத்துவது பொருத்தம்? எங்கள் உள்ளூர் இதழில் தலையங்கம் முழுவதையும் இதில் போட வேண்டும் என்கிறார் ஆசிரியர்.
(பக்க வடிவமைப்பாளர், தஞ்சாவூர்)

பதில்: தலையங்கம் முழுவதையும் இதில் போடாதீர்கள். ஆறேழு சொற்களுக்கு மேல் இந்த எழுத்தைத் தொடர்ந்து வாசிக்க நேர்ந்தால் கண் களைக்கும். எல்லாமே உரத்து ஒலிப்பதால் எதுவுமே கேட்காமல் போகும்.

இதன் பயனை மிக நன்றாக அறிந்திருப்பவர்கள் அமெரிக்கச் சித்திரக்கதைகளுக்கு எழுத்து எழுதும் கலைஞர்கள். அங்கே பேச்சுக் குமிழ்களில் உரையாடல் நெடுங்காலமாகத் தலைப்பெழுத்துகளிலேயே எழுதப்பட்டு வந்திருக்கிறது. தலைப்பெழுத்துகளுக்குள் அழுத்தம் காட்டுவது கடினம், ஏனென்றால் எல்லாம் ஏற்கெனவே பெரியவை. வெறும் சாய்வு மலிவுத்தாளில் சரியாகத் தெரியாது. வெறும் தடிப்பு குரலின் ஏற்றத்தைக் காட்டாமல் சொல்லை ஒரு பெயர்ப்பலகையாக்கிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தச் சொல்லில் பாத்திரத்தின் குரல் உயர்ந்தது என்பது வாசகரின் காதில் விழுகிறது. ஒரு குமிழில் ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. எந்தச் சொல் என்று தேர்வதிலேயே பேச்சின் தாளம் அமைந்துவிடுகிறது. உங்கள் ஆசிரியர் தலையங்கத்தில் அழுத்த விரும்பும் ஒரே வரியைக் கேட்டு வாங்கி, அதை மட்டும் எடுப்பு வரியாகப் பெரிய அளவில் இந்த எழுத்தில் வைத்துப் பாருங்கள்.

விரைவைக் குறிப்பது இதன் மற்றொரு வேலை. பந்தய வண்டிகளின் எண்கள், விளையாட்டுப் பொருள்களின் பெயர்கள், கூரியர் வண்டிகள் எல்லாம் முன்சாய்ந்த தடித்த எழுத்தை நாடுகின்றன. ஃபார்முலா ஒன் பந்தயம் 2017 வரை பயன்படுத்திய சின்னமும் அப்படிப்பட்டதே. முன்சாய்வு நமக்கு ஏன் வேகமாகத் தெரிகிறது என்பதற்கு ஓடுபவரின் உடல் முன்னோக்கிச் சாய்வது இயல்பான காரணம். புகைப்படக் கலையிலும் ஒரு தடயம் உண்டு. ஃபிரெஞ்சுக்காரரான ஜாக் ஆன்ரி லார்ட்டிக் 1910களில் எடுத்த பந்தய வண்டிப் படத்தில் சக்கரம் நீள்வட்டமாகி முன்னே சாய்ந்திருக்கிறது. சாலையோரம் நிற்பவர்கள் பின்னே சாய்ந்திருக்கிறார்கள். அவருடைய காமிராவின் மூடி, பிளவு போன்ற ஒரு திறப்பாகத் தகட்டின் குறுக்கே நகர்ந்து காட்சியைச் சிறிது சிறிதாகப் பதிவு செய்ததாலும், அவர் காமிராவை வண்டியோடு திருப்பியதாலும் ஏற்பட்ட விளைவு அது. சாய்ந்த சக்கரம் என்றால் வேகம் என்பது கேலிச்சித்திரக்காரர்களின் வழக்கமாகவும் ஆயிற்று.

நிலப்படங்களில் ஆறு, கடல் ஆகியவற்றின் பெயர்களைச் சாய்வெழுத்தில் எழுதும் மரபு உண்டு. பெருங்கடல்களுக்குச் சில படங்களில் தடித்த சாய்வு வருகிறது. இரங்கல் செய்தி, மருத்துவக் குறிப்பு, சட்ட அறிவிப்பு ஆகியவற்றில் இந்த எழுத்து தலைகாட்டவே கூடாது.

கேள்வி: என் மகனுக்கு வாசிப்புக் குறைபாடு இருக்கிறது. பள்ளித் தாள்களில் முக்கியமான வரிகள் தடித்த சாய்வில் வருகின்றன; அவன் அவற்றைத்தான் விட்டுவிடுகிறான்.
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அவன் மீது தவறில்லை. பிரிட்டிஷ் டிஸ்லெக்ஸியா சங்கத்தின் வழிகாட்டுதல், சாய்வெழுத்தையும் அடிக்கோட்டையும் தவிர்த்து, அழுத்தம் தேவைப்பட்டால் நிமிர்ந்த தடித்த எழுத்தையே பயன்படுத்தச் சொல்கிறது. சாயும்போது எழுத்துகள் ஒன்றோடொன்று நெருங்கி ஓடுவதாகத் தெரிவதும் வடிவங்கள் மாறுவதும் இத்தகைய குழந்தைகளுக்குச் சுமையாகின்றன. இந்தக் காரணத்தை எழுதிப் பள்ளியிடம் கொடுங்கள். ஒரு பைசா செலவில்லாமல் அவர்களால் மாற்றக்கூடியது இது.

கேள்வி: தமிழ் எழுத்தைத் தடித்துச் சாய்க்கலாமா? சாய்த்தால் ஏன் அழகாக வருவதில்லை?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: தமிழ் அச்சில் நிமிர்ந்த எழுத்துக்குத் துணையாகச் சாய்வெழுத்து வைக்கும் மரபு உரோமன் எழுத்தில் போல வேரூன்றவில்லை. நூற்பெயர்களுக்கு மேற்கோள் குறியும் தலைப்புகளுக்குத் தடித்த எழுத்துமே நமக்குப் போதுமானவையாக இருந்துவந்தன. அழுத்தத்தையும் நாம் ஏகாரத்தாலும் 'தான்' என்பதாலும் வாக்கியத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறோம். 'அவனே வந்தான்' என்று எழுதியபின் 'அவனே'யைச் சாய்ப்பதற்கு அவசியமில்லை.

வடிவத்திலும் சிக்கல் உண்டு. தமிழில் ப, ம, ட போன்ற நேர்கோட்டு எழுத்துகளும், ண, ஞ, ஐ, ஓ போன்ற சுருள் எழுத்துகளும் ஒரே வரியில் வருகின்றன. நேர்கோட்டு எழுத்துகள் சாய்வைத் தெளிவாகக் காட்டும். சுருள் எழுத்துகளோ சாய்ந்தனவா நசுங்கினவா என்று தெரியாமல் நிற்கும். முன்பே சொன்ன வளையக் கணக்கைத் தமிழுக்குப் பொருத்திப் பாருங்கள். உரோமன் 'ஓ'வில் ஒரு வளையம் கெடுகிறதென்றால், ணகரத்தில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு சுழியிலும் அதே கேடு நேர்கிறது. தடிமனும் ஏறினால் அந்தச் சுழிகளின் உள்வெளி அடைந்து, ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள வேறுபாடே சிறிய அளவில் மங்கும்.

இதனால் சாய்க்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. சுவர் விளம்பரம் எழுதுவோரும் திரைப்படத் தலைப்பு வரைவோரும் தடித்துச் சாய்ந்த தமிழை அழகாக எழுதியிருக்கிறார்கள்; அவர்கள் ஒவ்வொரு சுழியையும் கையால் வரைந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. தாரிக் அஸீஸ் வடிவமைத்து இலவசமாகக் கிடைக்கும் கவிவாணர் என்ற எழுத்துரு, சாய்வையே இயல்பாகக் கொண்டு வரையப்பட்ட தமிழெழுத்துக்கு நல்ல சான்று. ஆனால் அது கையெழுத்துச் சாயல் உள்ளது, தலைப்பில் முழங்கும் தடித்த வடிவமன்று. அப்படியொரு வடிவம் வேண்டுமானால், ணகரத்தின் சுழிகளை அகலப்படுத்தி, கிடைக்கோடுகளை மெலித்து, சாய்வை 8 பாகையைச் சுற்றி வைத்து, புதிதாகவே வரைய வேண்டும். எழுத்துரு வடிவமைப்பைக் கற்கும் இளைஞர்கள் எவரேனும் இதை எடுத்துச் செய்தால் மிகவும் மகிழ்வேன். வரைந்த பக்கங்களை அனுப்பினால் கவனமாகப் பார்த்துக் கருத்தும் எழுதுவேன்.

கேள்வி: தடித்த சாய்வில் ஒரு சொல்லைப் போட்டு அடைப்புக்குறியை மூடினால், கடைசி எழுத்து குறியின் மேல் இடிக்கிறது. எப்படிச் சரிசெய்வது?
(டிடிபி பணியாளர், சேலம்)

பதில்: சாய்ந்த எழுத்தின் தலை தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வலப்புறம் நீண்டிருக்கிறது. அடுத்து வருவதும் சாய்ந்திருந்தால் அதுவும் சேர்ந்து ஒதுங்கிக்கொள்ளும். நிமிர்ந்த குறி ஒதுங்காது, எனவே மோதல். டொனால்ட் நூத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலில் இதற்கென்றே ஒரு சிறு இடைவெளிக் கட்டளை இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் பக்க வடிவமைப்பு மென்பொருளில், கடைசி எழுத்துக்கும் குறிக்கும் நடுவே மட்டும் எழுத்திடைவெளியைக் கையால் கூட்டுங்கள். தமிழில் 'கி', 'டி' போல மேல்விலங்கு உள்ள எழுத்தில் சொல் முடிந்தால் இடைவெளி இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். அடைப்புக்குள் இருப்பது முழுவதும் சாய்வெழுத்தாக இருந்தால் இரண்டு அடைப்புக்குறிகளையும் சேர்த்தே சாய்த்துவிடுங்கள். ஒன்றைச் சாய்த்து மற்றொன்றை நிமிர்ந்து நிற்க விடாதீர்கள்.